நீள லென்ஸும் அக்காவின் கல்யாணமும்

என்னிடம் கமரா இருந்த காலத்தைவிட, எந்தக் கமராவை வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலமே நீளமானது. அதில் எனக்கு வெட்கம் ஏதுமில்லை. யோசித்த காலத்தில் என்னால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. வாங்கிய பிறகுதான் எல்லாம் நேர்ந்தது.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தேன். எங்கள் ஐயா, அதாவது தகப்பனார், அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, காடு வெட்டி, நெல் விதைத்து, யாழ்ப்பாணத்துக்காரர் என்ற நினைப்பை மட்டும் கைவிடாமல் இருந்தார். எங்கள் வீடு ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் இருந்தது. முற்றம், அதற்கு அங்கால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அங்கால் பக்கத்துக் காணிக்காரரின் முள்வேலி. வேலையில் நான் ஒழுங்கானவன். எந்தக் கிளைக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்பதை நானே வகுத்து, நானே சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவருவேன். (இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும். தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.)

நான் வேலை செய்த கந்தோரின் ஜீப்பை ஓட்டிய சூசை என் கூட்டாளி. நாயாற்றுக்காரன், அவனுடைய ஆட்கள் கடலில் தொழில் செய்கிறவர்கள். அவனிடம் ஒரு பெட்டிக் கமரா இருந்தது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, குனிந்து பார்த்து, ஒரு விசையைத் தட்டினால் 'ளொக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். தெரிவு செய்ய அதில் எதுவுமே இல்லை. ஆகவே எனக்கு அதில் மதிப்பும் இல்லை.

நான் வாசித்தவையோ கொழும்பிலிருந்து வந்த பழைய ஆங்கிலப் படப்பிடிப்புச் சஞ்சிகைகள். முகம் கழுவ முன் ஒரு பக்கம், சாப்பிட்ட பின் ஒரு பக்கம். இரட்டைக் கண் கமராவா, ஒற்றைக் கண்ணா? ஜேர்மன் செய்ததா, யப்பான் செய்ததா? அகலப் படச்சுருளா, சின்னச் சுருளா? ஒவ்வொன்றுக்கும் சாதகம், பாதகம் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். கடைசியில், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கமராதான் அறிவுள்ள மனிதனுக்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்து, அதை ஐயாவிடம் அறிவித்தேன். அவர் கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உடம்பு ஒரு விலை, கண் வேறை விலையாம் ஐயா."

"கண்ணில்லாமலும் விக்கிறாங்களோ?"

"ஓம். பிறகு எங்களுக்குப் பிடிச்ச கண்ணை வாங்கிப் பூட்டலாம்."

ஐயா மண்வெட்டியைச் சுவரோடு சாத்தினார். "நாங்கள் மாடு வாங்கிறதெண்டால் கண்ணையும் சேர்த்துத்தான் பாத்து வாங்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கையில் இருந்த காசு ஓர் உடம்புக்கும் ஒரு கண்ணுக்கும் மட்டும் போதுமானது. எந்தக் கண் என்பதுதான் பெரிய கேள்வி. எல்லோரும் முதலில் வாங்குவது சாதாரண லென்ஸ். மனிதன் பார்க்கிற மாதிரியே அதுவும் பார்க்கும். ஆனால் என் தெரிவைத் தீர்மானித்தது சஞ்சிகை அல்ல. எங்கள் குடும்பத்து மூக்கு.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐயாவுக்கு இருக்கிற மூக்கு எனக்கும் இருக்கிறது, புவனம் அக்காவுக்கும் இருக்கிறது. நேரில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது, கம்பீரமான மூக்கு. ஆனால் அக்காவுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கிய நேரத்தில், கந்தோரில் ஒருவரிடம் கமரா இரவல் வாங்கி, முகம் பெரிதாக விழவேண்டும் என்று கிட்டப் போய் நின்று அக்காவைப் படம் எடுத்தேன். படத்தில் மூக்கு முன்னுக்கு வந்திருந்தது. அக்கா பின்னுக்கு நின்றாள். அக்கா அதை ஒரு தரம் பார்த்தாள். அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு சில நாள்களுக்கு என்னோடு கதைக்கும்போதெல்லாம் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியே கதைத்தாள்.

(நல்லகாலம், கடைசியில் சரிவந்த உடையார்கட்டு மாப்பிள்ளை படம் கேட்கவில்லை. நேரே கோவிலுக்கு வந்து ஆளைப் பார்த்து, சம்மதம் என்றுவிட்டார்.)

அந்த வேளையில்தான் ஒரு சஞ்சிகையில் வாசித்தேன்: குற்றம் மூக்கில் இல்லை, கிட்டப் போனதில்தான். தூரத்தில் நின்று, நீளமான லென்ஸால் எடுத்தால் முகத்தின் உறுப்புகள் எல்லாம் தத்தம் அளவில் நிற்கும். முகப்படத்துக்கு நீள லென்ஸே சிறந்தது என்று அச்சிலேயே போட்டிருந்தார்கள். நூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர். எனக்கு அது கடவுள் காட்டிய வழியாகவே பட்டது.

சூசைக்கு அப்படிப் படவில்லை. ஜீப்பின் மூடியில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"மச்சான், ஒரு கண்தான் வாங்கலாமெண்டால் எல்லாருக்கும் போலை ஒரு கண்ணை வாங்கு. ஒரு வலைக்குத்தான் வழியிருக்குதெண்டால் எங்கடை ஆக்கள் எல்லா மீனும் படுற வலையைத்தான் வாங்குவினம்."

"இது மீனில்லை சூசை. மூக்கு."

அவன் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கமரா வந்தது. பெட்டியைத் திறந்து, உடம்பில் லென்ஸைப் பூட்டி, முதல் வேலையாகக் குசினியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். ஒரு கண்ணும், பாதி மூக்கும் தெரிந்தன. அதுவும் புகைமூட்டத்துக்குள் இருப்பதுபோல. ஓரடி பின்வாங்கினேன். சுவர் இடித்தது. கதவு வழியாக வெளியே வந்தேன். இன்னும் பின்வாங்கினேன். வேப்பமரத்தடிக்குப் போனபோதுதான் அக்காவின் முகம் முழுதாகப் படச்சட்டத்துக்குள் வந்தது. ஆனால் அப்போது அவள் குசினி இருட்டுக்குள் இருந்தாள்.

"எங்கை தம்பி போறாய்?" என்று கத்தினாள்.

"உன்னைத்தான் எடுக்கிறன்!" என்று நானும் கத்தினேன்.

அன்றிலிருந்து படம் எடுப்பதென்றால் எனக்குப் பின்னோக்கி நடப்பது என்றாகிவிட்டது. குடியேற்றத்தில் என்னைக் கண்டவர்கள் வழி விட்டார்கள். ஒருமுறை எருமை மாடொன்றில் முட்டி, அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். சூசை என்னை நாயாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனுடைய வீட்டார் எல்லோரும் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். நான் மெல்ல மெல்லப் பின்வாங்கி, கடற்கரையில் வள்ளங்களுக்கு அங்காலே போய்விட்டேன். சூசையின் தாயார் அவனைக் கேட்டதை அவன் வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான்: "அந்தத் தம்பி ஏன் அவ்வளவு தூரத்திலை போய் நிக்கிறார்? மீன் மணம் பிடிக்கேல்லையோ?"

ஆனால் படங்கள் நன்றாகத்தான் வந்தன. தூரத்தில் இருக்கிற கொக்கு, தூரத்தில் இருக்கிற பனை, தூரத்தில் இருக்கிற சூசையின் தாயார் எல்லாம் தெளிவு. கிட்ட இருக்கிற உலகத்தோடுதான் எனக்கும் லென்ஸுக்கும் சரிவரவில்லை.

வைகாசியில் அக்காவுக்கு நாள் வைத்தார்கள். மாப்பிள்ளை நடராசா வாத்தியார், மெல்லிய மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய தாயார் அதற்கும் சேர்த்துப் பேசுவார். அவா வந்து கதிரையில் இருந்தவுடன் முதற்கேள்வியே, "படத்துக்கு வவுனியாவிலையிருந்து ஸ்ரூடியோக்காரரைச் சொல்லியாச்சோ?"

"என்னத்துக்கு மாமி? நான் எடுக்கிறன்" என்றேன்.

மாமி என்னை மேலிருந்து கீழே பார்த்தா. "எங்கடை ஊரிலை ஒரு கலியாணம். சொந்தக்காரப் பெடியன்தான் படம் எடுத்தவன். இப்ப வரைக்கும் அந்தப் பெட்டை தன்ரை புருசனைப் படத்திலை தேடிக்கொண்டிருக்கிறாள்."

நான் பொறுமையாக, லென்ஸ் என்றால் என்ன, தூரம் என்றால் என்ன என்று விளக்கினேன். மாமிக்கு விளங்கியதோ இல்லையோ, களைத்துப் போனா. ஸ்ரூடியோக்காரர் வேண்டாம் என்று முடிவாயிற்று. என் ஆயுளில் நான் ஒரு விவாதத்தில் இவ்வளவு முழுதாக வென்றது அதுதான் கடைசி.

அன்று பின்னேரம் அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். வாய்க்குள் ஏதோ போட்டு அடக்கிவைத்தவள் மாதிரி இருந்தாள்.

"தம்பி, அம்மாவின்ரை கலியாணத்துக்கு ஒரு படமும் இல்லை, தெரியுமெல்லோ?"

தெரியும். அம்மா தன் கூறைச் சேலையைப் பற்றிச் சொல்லாத மாதமில்லை. ஒருமுறை அது அரக்கு நிறம். மறுமுறை மாம்பழ நிறம். ஐயாவிடம் கேட்டால், "சேலைதான்" என்பார்.

"எனக்கு அப்பிடி ஆகக்கூடாது" என்றாள் அக்கா. "ஒரு படம் போதும். நானும் அவரும். தெளிவா. மூக்கு எப்பிடி வந்தாலும் பரவாயில்லை."

"மூக்கும் நல்லா வரும்" என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே சொல்லலாம். சூசையிடமும் போய், "உன்ரை பெட்டிக் கமராவைத் தூக்கிக்கொண்டு கலியாணத்துக்கு வந்து என்னை வெக்கப்படுத்தாதை" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

இனி என் திட்டத்தைச் சொல்கிறேன். அதில் நான் இப்போதும் ஒரு பிழையும் காணவில்லை, ஒன்றைத் தவிர. பந்தலுக்கு முன்னால் கதிரை போட்டு இரு வீட்டாரையும் சேர்த்து எடுக்கும் படம்தான் முக்கியம். கந்தோர் அளவு நாடாவைக் கொண்டுவந்து முற்றத்தை அளந்தேன். அத்தனை பேரும் சட்டத்துக்குள் வர நான் நிற்கவேண்டிய இடம், வாய்க்காலின் நட்டநடுவில் வந்தது. முன்னுக்கு வந்தால் ஓரத்தில் நிற்கிற சித்தப்பாமார் வெட்டுப்படுவார்கள். பின்னுக்குப் போனால் முள்வேலி. வாய்க்கால் அப்போது காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதற்குள் ஒரு மரத் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். கரையிலிருந்து பெட்டிக்கு ஒரு பலகை போட்டேன். கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பின்னோக்கி நடந்து, பலகையில் ஏறி, பெட்டியில் நிற்கப் பழகினேன். கடைசியில் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாத அளவுக்குத் தேர்ந்துவிட்டேன்.

கல்யாண நாள் வந்தது. தாலி கட்டும் நேரம் பந்தலுக்குள் நான் பட்ட பாட்டை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இந்த லென்ஸுக்குத் தூரம் வேண்டும். தூரத்தில் நின்றால் நடுவில் சனம் நிற்கும். கெட்டிமேளம் அடித்தவுடன் எல்லோரும் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி தூவ எழும்பினார்கள். நான் விடாமல் எடுத்தேன். லென்ஸுக்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேட்டிச் சால்வைகளும் கொண்டைகளும்தான். ஆனாலும் மனம் தளரவில்லை. முற்றத்துப் படம் இருக்கிறதே! சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். அதனால் என்ன, புதுச் சுருள் ஒன்று சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

ஆட்களை வெளியே கொண்டுவந்து இருத்தினேன். நடுவில் அக்காவும் அத்தானும். அத்தானுக்கு ஒரு பெரிய வெள்ளைத் தலைப்பா. ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் ஐயாவும் அம்மாவும். சூசை பின்வரிசையில், வெறுங்கையோடு. உச்சி வெயில் அடித்தது. நான் எல்லோருக்கும் முன்னால் நின்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன்.

"எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. நான் இப்ப பின்னுக்குப் போவன். நான் போய் நிண்டு கையைக் காட்டும்வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது. கதைக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது. கையைக் காட்டினாப் பிறகு எல்லாம் செய்யலாம்."

"மூச்சு விடலாமோ?" என்று கேட்டான் சூசை.

"மெதுவா விடு" என்றேன்.

கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன். சட்டத்துக்குள் முதலில் அக்காவின் முகம். பிறகு அத்தான். பிறகு மாமி. ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர்களைப் படத்துக்கு நிறுத்தினால் பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலம் போல ஒரு முகம் வைப்பார்கள். எல்லோரும் அதே முகத்தோடு, என் சொற்படி அசையாமல் இருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பலகையில் கால் வைத்தபோது அக்காவின் கண்கள் மெல்ல விரியத் தொடங்கின. எவ்வளவு அழகாக விரிகின்றன, இந்த லென்ஸ் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது என்று வியந்தேன். அம்மாவின் கை வாயை நோக்கிப் போனது. "அசையாதையுங்கோ அம்மா!" என்று அதட்டினேன். கை இறங்கியது. ஐயாவின் கண்களும் விரிந்தன. மாமியின் கண்களும் விரிந்தன. ஒரு குடும்பமே கண் விரித்து நிற்கும் காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று சொன்னவன் நான்தானே.

அந்தப் பலகைக்குக் கீழே அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

யார் திறந்தது என்று கேட்பீர்கள். நான்தான். அதாவது, திறக்கச் சொன்னவன் நான்தான். கந்தோரில் அந்த வாய்க்காலுக்குப் பெயர் ஏழாம் கிளை. வீட்டில் அதற்குப் பெயர் எங்கள் வாய்க்கால். இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் ஒன்று தலையின் ஒரு பக்கத்திலும், மற்றது மறுபக்கத்திலும் இருந்திருக்கின்றன. சிறுபோக நெல்லுக்காக ஏழாம் கிளைக்கு முறைத் தண்ணீர் எந்த நாள் என்று வீடு வீடாகப் போய் நான் சொன்ன நாள், அக்காவின் கல்யாண நாள். கடைசி வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை, அது என் வீடு. காலையில் மேலே துருசு என்னும் மதகில் திறந்துவிட்ட தண்ணீர், நெளிந்து நெளிந்து கடைசி வீடான எங்கள் வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் ஆகும். என் கணக்குப்படி ஆகும். ஆயிற்று.

பெட்டியில் காலை ஊன்றினேன். அது பெட்டியாக இருக்கவில்லை. தோணியாக இருந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, என்னை இறக்கிவிட்டுத் தன்பாட்டில் புறப்பட்டது.

விழுந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: கமராவை நனைய விடக்கூடாது. இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கழுத்துவரை போய், சேற்றில் கால் பட்டு, இடுப்பளவு தண்ணீரில் எழும்பி நின்றேன். சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்தது. தலையில் ஏதோ ஒரு செடி.

முற்றத்தில் இன்னும் ஒருவரும் அசையவில்லை. கை காட்டினால்தானே அசையலாம்! நானோ இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் சிரித்தவர் ஐயா. ஐயா சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்குள் சிரிப்பு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அது மண்வெட்டி கல்லில் பட்டதுபோல ஒரு சத்தம். அதோடு எல்லோரும் உடைந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கினா. மாமி கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, "ஐயோ முருகா" என்று சிரித்தா. அக்கா மணப்பெண் என்பதையே மறந்து தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள்.

நான் கமராவைக் கண்ணில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, பழக்கதோஷம். பார்த்தால், எல்லோரும் சட்டத்துக்குள் இருந்தார்கள். சித்தப்பாமார் ஒருவரும் வெட்டுப்படவில்லை. நான் அளந்த இடம் மிகச் சரியான இடம். தெளிவாக்கும் வளையத்தைத் திருப்பினேன். அழுத்தினேன்.

அழுத்துகிற அந்தக் கணத்தில் லென்ஸுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ ஒன்று வந்தது.

அத்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு மனிதர் மட்டும் கதிரையிலிருந்து எழும்பி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைப்பாவோடு ஓடி வந்து, கரையில் குந்தி, எனக்குக் கையை நீட்டியிருந்தார்.

"பிடியுங்கோ தம்பி" என்றார். "கமராவை முதல் தாங்கோ. பிறகு நீங்கள் வாங்கோ."

கரையில் ஏறியதும் சட்டைப் பையில் கை போட்டேன். புதுச் சுருள் கொழகொழவென்று வந்தது. அத்தான் வீட்டுக்குப் புறப்படவேண்டிய நல்ல நேரம் நெருங்கிவிட்டது. நான் சூசையைப் பார்த்தேன்.

"என்ரை பெட்டிக் கமரா வீட்டிலை சுகமா இருக்குது மச்சான்" என்றான்.

அந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது: 'அக்காவின் கல்யாணம். மழை இல்லை. ஏழாம் கிளையின் கடைசிவரை தண்ணீர் வந்து சேர்ந்தது.'

சுருளைக் கழுவ வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். யாரை வேண்டாம் என்று நான் தடுத்தேனோ, அதே ஸ்ரூடியோக்காரரிடம்தான் போகவேண்டியிருந்தது. அவர் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். முதுகு. முதுகு. ஒரு கொண்டை. ஐயரின் முழங்கை. முதுகு.

"கலியாணத்தை ஆர் தம்பி எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். நல்ல மனிதர். கடைசிப் படத்தை மட்டும் வைக்க முன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஒரு படத்தை உறையில் போட்டுக்கொண்டு உடையார்கட்டில் அக்கா புகுந்த வீட்டுக்குப் போனேன். தனியே போகத் துணிவில்லாமல் சூசையையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா வாசலிலேயே கை நீட்டினாள். ஆனால் உறையை முதலில் வாங்கியது மாமி.

மாமி படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தா. வரிசையாக இருந்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு கூட்டம். நடுவில் அக்கா. அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. முன்னால், படத்தின் கால்வாசியை மறைத்துக்கொண்டு, உருவமில்லாத ஒரு பெரிய வெள்ளை.

"இதிலை என்ரை மோன் எங்கை?"

கிட்ட இருப்பதை இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டாது என்ற உண்மையை நான் ஸ்ரூடியோ மேசையிலேயே விளங்கிக்கொண்டிருந்தேன். அதை மாமிக்கு இந்த முறை விளக்கப் போகவில்லை. விரலால் காட்டினேன். "இதுதான் மாமி. தலைப்பா. இது... கை எண்டு நினைக்கிறன்."

"மேகமெல்லோ இது!"

சூசை தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தான். மாமி படத்தை அக்காவிடம் கொடுத்தா. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். அம்மாவின் சேலை ஒருமுறை அரக்காகவும் ஒருமுறை மாம்பழமாகவும் மாறுவது போல, இனி அக்காவின் மாப்பிள்ளையும் ஒவ்வொருமுறை ஒவ்வொரு மாதிரி ஆகப்போகிறார் என்று நினைத்தேன். நானும் அவரும், தெளிவா, என்றுதான் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"அக்கா, நான்—"

"பொறு" என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்துச் சொன்னாள்:

"மற்ற மாப்பிள்ளையள் எல்லாம் படத்திலை கதிரையிலைதான் இருப்பினம்."

அத்தான் சுவரோடு நின்று காது சிவந்தார். மாமி படத்தைத் திரும்ப வாங்கி, இந்தத் தரம் தன்னைப் பார்த்தா. "நான் இப்பிடியோ சிரிக்கிறனான்?" என்றா. நல்லதா கெட்டதா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. "வடிவாத்தான் கிடக்கு" என்று அவாவே முடிவு சொன்னா.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் மூக்கு, ஐயாவின் மூக்கு எல்லாம் படத்தில் மிகச் சரியான அளவில் இருந்தன. ஆனால் அந்தப் பொழுதில் அதைச் சொல்லிக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. (பிறகு பலமுறை சொல்லியிருக்கிறேன்.)

அடுத்த மாதமே மாமி இருவரையும் வவுனியாவுக்கு அனுப்பி, ஸ்ரூடியோவில் முறையாக ஒரு படம் எடுப்பித்தா. அதில் இருவரும் வாக்குமூலம் கொடுக்கிற முகத்தோடு மிகத் தெளிவாக இருக்கிறார்கள். அது அக்காவின் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில், என் பழைய மூக்குப் படத்தோடு சேர்ந்து கிடக்கிறது. விறாந்தையில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது வாய்க்கால் படம்தான். புதிதாக வருகிறவர்கள், "மாப்பிள்ளை எங்கை?" என்று கேட்காமல் போனதில்லை. உடனே வீட்டில் யாராவது, "அந்தா, மேகம்!" என்பார்கள். இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு அவர் மேகம் மாமா. அவருடைய பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. (சூசை மீது எனக்குச் சந்தேகம் உண்டு.)

நான் பிறகு சாதாரண லென்ஸ் ஒன்று வாங்கினேன். நீள லென்ஸையும் விற்கவில்லை, கொக்குகளுக்கு வைத்திருக்கிறேன். நல்லநாள் பெருநாளில் குடும்பமாகச் சேர்ந்தால் படம் எடுப்பது இன்றைக்கும் நான்தான். கமராவைக் கையில் எடுத்தவுடனேயே, "ஓவசியர் மாமா, ஏழாம் கிளைக்கு இண்டைக்குத் தண்ணியோ?" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடேயே நான் எடுத்துவிடுவேன். எங்கள் குடும்பப் படங்களில் வாக்குமூலம் கொடுக்கிற முகம் இல்லாமற் போனது இப்படித்தான்.

அத்தானுக்கு வயதாகிறது. முழங்கால் நோவு. ஆனாலும் படத்துக்கு இருக்கும்போது அவர் எப்போதும் ஓரக் கதிரையைத்தான் கேட்டு வாங்குவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நுனியில் இருப்பார். நான் ஓரடி பின்வாங்கினால் போதும், அவருடைய கை தானாகவே வேட்டியின் கரையைப் பிடிக்கும், ஆள் பாதி எழும்பிவிடுவார். அதனால்தான், இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தும், எல்லோரும் தெளிவாக விழுந்த எந்தப் படத்திலும் அத்தான் மட்டும் கொஞ்சம் கலங்கியே இருக்கிறார்.